பாண்ட் மாறும்போது மாறுவது முகம் மட்டும்தானா?

கேள்வி · 2025 ஆகஸ்ட் 4

அடுத்த ஜேம்ஸ் பாண்டுக்கு 30 வயசுக்குள்ள இருக்கிற ஆளாப் பார்க்கிறாங்கன்னு எங்க பார்த்தாலும் பேச்சு. எனக்கு ஒப்பலை. பாண்ட்னா நாலு ஊர் பார்த்து அடிபட்ட ஆளா இருக்கணும். சின்னப் பையனைப் போட்டா 1969-ல ஒரே படத்தோட போன லேசன்பிக்கு நடந்ததுதான் நடக்கும். ஆளைச் சரியாப் பிடிச்சுட்டா மிச்சம் தானா வரும். கார், துப்பாக்கி, இசை எல்லாம் தயாராத்தானே இருக்கு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆகஸ்ட் 4, இரவு

மிச்சம் தானாக வராது. இந்த வரிசையில் ஐந்து முறை ஆள் மாறியிருக்கிறது. முதல் பாண்டான கானரி திரும்பி வந்த 1971-ஐ இதில் சேர்க்கவில்லை. ஐந்து முறையும் முதல் படம் எப்படி எழுதப்பட்டது, பழைய பொருள்களில் எதைக் காட்டினார்கள், எதை ஒளித்தார்கள் என்பதுதான் புது ஆளை நிற்க வைத்தது, அல்லது சாய்த்தது.

முதலில் வயது. வேலை தொடங்கியபோதும் படம் வந்தபோதும் இருந்த வயதைப் பாருங்கள்.

கானரிக்கு டாக்டர் நோ எடுக்கும்போது 31. லேசன்பிக்கு 29. மூருக்கு முதல் படம் திரைக்கு வந்தபோது 45. டால்டனுக்கு 41, பிராஸ்னனுக்கு 42, கிரெய்க்குக்கு 38.

பாண்ட் நாவல்களை எழுதிய ஃபிளெமிங் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார். 1955-ல் வந்த மூன்ரேக்கரில், 00 எண் பெற்ற உளவாளிகள் 45 வயதில் களப்பணியிலிருந்து விலக வேண்டும், பாண்டுக்கு இன்னும் எட்டு ஆண்டு இருக்கிறது என்று வருகிறது. ஆக அங்கே அவருக்கு 37. ஓய்வு பெற வேண்டிய வயதில்தான் மூர் வேலைக்கே சேர்ந்தார். அப்படிச் சேர்ந்து ஏழு படம் செய்தார்.

ஆகஸ்ட் 5

வயதை மட்டும் எழுதிவிட்டு இடைவெளியை விட்டுவிட்டேன். அதுதான் முக்கியம்.

மூர் 1973 முதல் 1985 வரை 12 ஆண்டில் 7 படம். பிராஸ்னன் 1995 முதல் 2002 வரை 7 ஆண்டில் 4 படம். கிரெய்க் 2006 முதல் 2021 வரை 15 ஆண்டில் 5 படம்தான். இப்போதெல்லாம் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் மூன்று ஆண்டு என்றால் அதுவே வேகம்.

நான்கு ஆண்டுக்கு ஒன்று என்று வைத்தால் ஐந்தாவது படம் வரும்போது 16 ஆண்டு ஓடியிருக்கும். 30-ல் வந்தவருக்கு 46, 38-ல் வந்தவருக்கு 54, 42-ல் வந்தவருக்கு 58. தயாரிப்பாளர்கள் இளைஞரைத் தேடினால் இந்தக் கூட்டல் கணக்குதான் காரணமாக இருக்கும். இளமை மோகம் என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். மூரின் கடைசிப் படத்தில் அவருக்கு 57. ஓட்டம், சறுக்கல், தொங்கல் எல்லாவற்றுக்கும் மாற்று ஆள். தூரத்துக் காட்சி எது, அருகில் எடுத்தது எது என்று வெட்டுகளிலேயே தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 5, சற்று நேரம் கழித்து

"கானரிக்கு வயசாகிப் போச்சுன்னு இளையவரான மூரைக் கொண்டுவந்தாங்க" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நேர்மாறு. கானரி பிறந்தது 1930, மூர் பிறந்தது 1927. மூத்தவர்தான் பின்னால் வந்தார்.

ஆகஸ்ட் 7

லேசன்பிக்கு வருகிறேன். அவரை வயது கவிழ்த்தது என்பதை நான் ஏற்கவில்லை. 29-க்கும் கானரியின் 31-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அவர் ஆஸ்திரேலியக்காரர். விளம்பர மாடல், சாக்லேட் விளம்பரத்தில் தெரிந்த முகம். பெரிய வேடம் எதிலும் நடித்ததில்லை. கானரி வாங்காமல் விட்டிருந்த ஒரு சூட்டை அவருடைய தையற்காரர் ஆண்டனி சின்க்ளேரிடமிருந்தே வாங்கி மாட்டிக்கொண்டு, கையில் ரோலெக்ஸ் கட்டிக்கொண்டு போய் நின்றார். சண்டைச் சோதனையில் எதிரில் நின்ற மல்யுத்த வீரரை நிஜமாகவே குத்திவிட்டார். அந்த உடல் வேகத்தைப் பார்த்துத்தான் வேடத்தைக் கொடுத்தார்கள்.

உடலுக்கு ஈடு கொடுத்த பயிற்சி குரலுக்கு இல்லை. 1969-ன் ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸில் பாண்ட், சர் ஹிலரி பிரே என்ற குலமரபு ஆய்வாளராக வேடமிட்டு மலை உச்சி நிலையத்துக்குப் போவார். அந்தப் பகுதியில் கேட்கும் குரல் லேசன்பியுடையது இல்லை, பிரேயாக நடித்த ஜார்ஜ் பேக்கருடையது. கதையின் நடுப்பகுதியில் கணிசமான நேரம் நாயகன் வேறொருவர் குரலில் பேசுகிறார். புது ஆள் மக்கள் மனதில் பதிய வேண்டிய படம் அது. முகம் புதிது, குரல் இன்னொருவருடையது என்றால் பார்ப்பவர் யாரைப் பிடித்துக்கொள்வார்?

ஆகஸ்ட் 8

அதைவிடப் பெரிய தவறு அந்தப் படத்திலேயே இருக்கிறது. நடிகர் மாறியதைப் படமே திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது.

தொடக்கத்தில் கடற்கரைச் சண்டை முடிந்ததும் பெண் காரில் ஏறிப் போய்விடுவாள். இன்னொரு ஆளுக்கு இப்படி நடந்ததே இல்லை என்று பாண்ட் நம்மைப் பார்த்தே சொல்லுவார். அடுத்து, மாரிஸ் பைண்டரின் பெயர்த்தலைப்பில் முந்தைய ஐந்து படங்களின் பெண்களும் வில்லன்களும் வரிசையாக வருவார்கள். பிறகு வேலையை விடப்போவதாகப் பாண்ட் மேசையைக் காலி செய்யும் காட்சி. இழுப்பறையிலிருந்து டாக்டர் நோவின் ஹனி வைத்திருந்த கத்தி, ஃப்ரம் ரஷ்யா வித் லவ்வில் கொலையாளி கிராண்ட் கழுத்தை இறுக்கிய கைக்கடிகாரம், தண்டர்பாலில் தண்ணீருக்கடியில் மூச்சுவிட்ட கருவி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் படத்து இசை. போதாததற்குத் துப்புரவாளர் ஒருவர் கோல்ட்ஃபிங்கர் மெட்டை விசிலடித்துக்கொண்டு போவார்.

நோக்கம் நல்லதுதான். ஆள் வேறு, பாண்ட் அதே பாண்ட் என்று சொல்ல நினைத்தார்கள். புது மருமகள் வந்த முதல் நாளே பழைய மருமகளின் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துக் காட்டியது போல ஆகிவிட்டது. கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளும் கானரியின் கையை ஞாபகப்படுத்துகிறது.

படம் நல்ல படம், அதையும் சொல்லிவிட வேண்டும். பனிச்சறுக்குத் துரத்தலும் கடைசிக் காட்சியும் இந்த வரிசையிலேயே தலைசிறந்தவற்றில் சேரும். தோல்விப் படம் என்று சொல்வதும் தவறு. முந்தையதைவிடக் குறைவாக வசூலித்தாலும் செலவைப் போலப் பல மடங்கு திரும்பி வந்தது. ஏழு படத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். வேண்டாம் என்றவர் லேசன்பி. அவருடைய முகவர் கொடுத்த ஆலோசனை அது.

ஆகஸ்ட் 9

1973-ல் பாடம் கற்றுக்கொண்டார்கள். லிவ் அண்ட் லெட் டை படத்தை ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பாண்ட் வோட்கா மார்ட்டினி கேட்பதே இல்லை, பர்பன் கேட்கிறார். சிகரெட் இல்லை, சுருட்டு. கறுப்பு டக்ஸீடோ படம் முழுக்கக் கிடையாது. கருவிகள் கொடுக்கும் கியூ இல்லை. பாண்டின் மேலதிகாரி எம்மின் அலுவலக அறை இல்லை. எம்மும் அவருடைய செயலாளர் மணிபென்னியும் விடியற்காலையில் பாண்டின் வீட்டுக்கே வருகிறார்கள். தொப்பி இல்லை. இசைக்கு ஜான் பேரி இல்லை, ஜார்ஜ் மார்ட்டின்.

கானரி எந்தச் சைகையில் பெயர் வாங்கினாரோ அந்தச் சைகைக்கு இடமே தரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது கையில் கிடைத்தால்தானே ஒப்பிட முடியும்? கேமராவுக்குப் பின்னால் மட்டும் ஆள் மாறவில்லை. இயக்குநர் கய் ஹாமில்டன், திரைக்கதை டாம் மேன்கிவிச், இருவருமே 1971-ல் கானரியின் டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவரில் இருந்தவர்கள். அடுத்தடுத்த படங்களில் மார்ட்டினியும் டக்ஸீடோவும் கியூவும் திரும்பி வந்துவிட்டன. அதற்குள் மூர் மூராக நின்றுவிட்டார்.

ஆகஸ்ட் 9, பின்குறிப்பு

படத் தொடக்கத்தில் குழலுக்குள்ளிருந்து பாண்டைப் பார்க்கும் துப்பாக்கிக் குழல் காட்சியில் "கானரி முதல் படத்திலிருந்தே நடந்து வருவார்" என்று பக்கத்து இழையில் நான் எழுதியிருந்தது தவறு. முதல் மூன்று படத்திலும் நடப்பது சண்டைக் கலைஞர் பாப் சிம்மன்ஸ். தண்டர்பாலில் அகலத்திரைக்கு மாறியதால் புதிதாக எடுக்க வேண்டி வந்தது, அப்போதுதான் கானரியே நடந்தார். திருத்திக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 12

ஒருவர் தேர்வுச் சோதனை எப்படி நடக்கும் என்று கேட்டிருந்தார். இதில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எழுதி முடிக்காத புதுப் படத்தின் காட்சியைக் கொடுப்பதில்லை. பல பத்தாண்டுகளாக ஒரே காட்சிதான். ஃப்ரம் ரஷ்யா வித் லவ்வில் இஸ்தான்புல் ஓட்டல் அறைக்குப் பாண்ட் திரும்பி வரும் காட்சி.

நடிகர் செய்ய வேண்டியதை அடுக்கிப் பாருங்கள். அறைக்குள் வந்து சட்டையைக் கழற்ற வேண்டும். குளியல் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும். பக்கத்து அறையில் ஏதோ சத்தம். உடனே உடம்பு விறைக்க வேண்டும், துப்பாக்கி கைக்கு வர வேண்டும். இடுப்பில் துண்டோடு போய்ப் பார்த்தால் படுக்கையில் ரஷ்யப் பெண் டாட்டியானா. அவள் எதிரி அனுப்பிய ஆளாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டே சிரித்துப் பேச வேண்டும்.

சில நிமிடத்தில் நான்கு சோதனை. தனியாக இருக்கும்போது நடை எப்படி, ஆபத்தில் உடல் எப்படி, காதலில் கண் எப்படி, பொய் சொல்லும்போது குரல் எப்படி. துண்டு கட்டிய கோலத்தில் கையில் துப்பாக்கியோடு நிற்பவரைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வரக் கூடாது. அங்கேதான் பலர் விழுவார்கள். நல்ல நடிகராக இருந்தால் மட்டும் போதாது. 1982-ல் ஜேம்ஸ் பிரோலின், 1986-ல் சாம் நீல் இருவரும் இந்தக் காட்சியைச் செய்தவர்கள். எல்லோருக்கும் காட்சி ஒன்றே என்பதால் 1982-ன் பிரதியையும் 1986-ன் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 12, இரவு

பிரோலின் பெயர் வந்ததால் இதையும் சொல்கிறேன். அவரைச் சோதித்தது ஆக்டோபஸிக்காக. மூர் விலகலாம் என்ற நிலை. அதே சமயத்தில் வேறு தயாரிப்பாளர்கள் கானரியை வைத்து நெவர் சே நெவர் அகெய்ன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் கானரி நிற்கும்போது புதுமுகத்தை இறக்க முடியாது என்று மூரையே திரும்ப அழைத்துவிட்டார்கள். எந்த ஆண்டு, எதிரில் யார் என்பதும் தேர்வில் கலந்திருக்கிறது.

அந்த ஆக்டோபஸியில்தான் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பாண்டின் கூட்டாளியாக வருவார். உதய்ப்பூரில் பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்து, அடையாளச் சைகையாகப் பாண்ட் மெட்டையே மகுடியில் ஊதுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் மனது குளிர்ந்துவிடும்.

ஆகஸ்ட் 15

டால்டன் பற்றி ஏன் பேசவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர் விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. நடிப்பில் ஒரு பழுதும் சொல்ல முடியாத மனிதர்.

1986-ல் முடிவாகியிருந்தவர் பிராஸ்னன். அவர் நடித்த ரெமிங்டன் ஸ்டீல் தொடரை என்பிசி தொலைக்காட்சி நிறுத்திவிட்டது, ஆனால் 60 நாளுக்குள் திரும்ப எடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தது. அடுத்த பாண்ட் இவர்தான் என்ற செய்தியாலேயே தொடருக்கு மவுசு கூடிற்று. கெடு முடியும் தறுவாயில் உரிமையைப் பயன்படுத்திவிட்டார்கள். வாரா வாரம் டிவியில் வரும் முகம் வேண்டாம் என்று தயாரிப்பாளர் பிராக்கலி அவரை விட்டுவிட, டால்டன் வந்தார்.

இதன் விளைவு படத்தில் தெரிகிறது. தி லிவிங் டேலைட்ஸ் திரைக்கதை எழுதும்போது நாயகன் யார் என்றே தெரியாது. அதனால் மூர் காலத்து வேடிக்கை அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. செல்லோ பெட்டியில் உட்கார்ந்து பனியில் சறுக்குவதைச் சொல்லலாம். டான்ஜியர் கூரைகளுக்கு மேல் பறக்கும் கம்பளம் மாதிரி ஒரு காட்சி எடுத்து, பிறகு வெட்டிவிட்டார்கள். இறுகிய முகத்தோடு, நாவலைப் படித்துவிட்டு வந்து நிற்கும் நடிகருக்கு அது பொருந்தாது. அவருக்கென்றே எழுதியது 1989-ன் லைசென்ஸ் டு கில். அது பிரிட்டனில் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக் கூடாது என்ற 15 சான்றிதழ் வாங்கிய முதல் பாண்ட் படம். அதன்பின் சட்டச் சிக்கலில் ஆறு ஆண்டு படமே இல்லை. அவர் காலம் போய்விட்டது.

அறிமுகம் மட்டும் அருமை. ஜிப்ரால்டரில் மூன்று 00 ஆட்கள் பாராசூட்டில் குதிப்பார்கள். எவர் பாண்ட் என்று நமக்குத் தெரியாது. ஒருவர் போய்விடுவார், இன்னொருவர் செத்து விழும் அலறல் கேட்டு மூன்றாமவர் திரும்புவார். அந்தத் திரும்பல்தான் டால்டன்.

ஆகஸ்ட் 16

"பழைய குழு இருந்தால் புது ஆள் பிழைப்பார்" என்ற தொனியில் 9-ஆம் தேதி எழுதியது பாதிதான் சரி. 1969-ன் இயக்குநர் பீட்டர் ஹன்ட் வெளியாள் இல்லை, அதற்கு முந்தைய படங்களின் எடிட்டர். குழு பழையதாகவே இருந்தும் லேசன்பி நிலைக்கவில்லை. குழுவைவிட, எதை மறைத்தோம் எதைக் காட்டினோம் என்பதுதான் கனமான காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்ட் 19

கேசினோ ராயல், கிரெய்க்கின் முதல் பாண்ட் படம். இதைத்தான் நான் கடைசிக்கு வைத்திருந்தேன்.

2005 அக்டோபர் 14 அன்று கிரெய்க்கைத் தேம்ஸ் நதியில் படகில் கொண்டுவந்து அறிமுகப்படுத்தினார்கள். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தார் என்று கேலி, தலைமுடி செம்பட்டை என்று கேலி, புறக்கணிக்கச் சொல்லி இணையதளம் வேறு. படம் வந்ததும் அடங்கிப்போனது.

1973-ல் ஒளித்து வைத்தார்கள் அல்லவா, 2006-ல் ஒளித்து வைத்து அதையே கதையாக்கினார்கள். கியூ இல்லை, மணிபென்னி இல்லை. மார்ட்டினி குலுக்கியதா கலக்கியதா என்று மதுக்கடைக்காரர் கேட்டால், அதில் எனக்கென்ன அக்கறை என்கிற மாதிரி எரிந்து விழுகிறார். டக்ஸீடோவை நாயகி வெஸ்பர்தான் தைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள். கண்ணாடி முன் நின்று, தன்னை முதல் முறை பார்ப்பது போல அவர் பார்க்கிறார். குழல் காட்சி படத்துக்கு முன்னால் தனியாக வரவில்லை, அவருடைய முதல் கொலையின் முடிவாக வருகிறது. "பாண்ட், ஜேம்ஸ் பாண்ட்" கடைசி வசனம். அதற்குப் பிறகுதான் மெட்டு முழுதாக ஒலிக்கிறது. கையிலிருந்து எடுத்த ஒவ்வொன்றையும் புது ஆள் சம்பாதித்துத் திரும்பப் பெறுகிறார்.

மடகாஸ்கர் கட்டுமானத் தளத்துத் துரத்தலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முன்னால் ஓடுபவர் பார்க்கூர் கலைஞர் செபாஸ்டியன் ஃபூக்கான். சுவரின் மேலே இருக்கும் சின்ன இடைவெளியில் பூனை மாதிரி நுழைந்து போகிறார். பின்னால் வரும் பாண்ட் அந்த அட்டைச் சுவரையே உடைத்துக்கொண்டு வருகிறார். இவர் மூரும் இல்லை, பிராஸ்னனும் இல்லை என்று வசனமே இல்லாமல் அந்த ஒரு சுவர் சொல்லிவிடுகிறது. புது நடிகரின் உடம்புக்கு ஏற்ற அசைவை எழுதுவது என்றால் இதுதான்.

இயக்குநர் மார்ட்டின் கேம்ப்பெல். பிராஸ்னனை 1995-ல் கோல்டன்ஐயில் நிறுத்தியவரும் அவரே. எம்மாக ஜூடி டென்ச்சும் அப்படியே தொடர்ந்தார்.

ஆகஸ்ட் 20

"007 என்பது வெறும் குறியீட்டுப் பெயர், ஒவ்வொரு நடிகரும் வேறு வேறு ஆள்" என்ற வாதம் மறுபடி எழுந்திருக்கிறது. படங்களே அதை மறுக்கின்றன. 1969-ல் லேசன்பியின் பாண்ட் மணந்த டிரேசியின் கல்லறைக்கு 1981-ல் மூரின் பாண்ட் பூ வைக்கிறார். 1989-ல் டால்டன் படத்தில் அந்தத் திருமணம் பற்றிய பேச்சு வருகிறது. கிரெய்க்கின் ஸ்கைஃபாலில் பெற்றோர் கல்லறையிலேயே பாண்ட் என்ற குடும்பப் பெயர் பொறித்திருக்கிறது. 2002 வரை ஒரே மனிதர், கிரெய்க் தனி மனிதர். அவ்வளவுதான்.

அடுத்து வருபவருக்கு உள்ள புதுச் சிக்கலும் இதில்தான். கிரெய்க்கின் கடைசிப் படமான நோ டைம் டு டையில் பாண்ட் இறந்துவிட்டார். முன்பெல்லாம் ஆள் மாறினாலும் கதை விட்ட இடத்திலிருந்து போகலாம். இனி முடியாது, பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் கேள்விக்கு என் பதில் இங்கே இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து என்றால் இளைஞர் பொருந்துவார். ஆனால் கேசினோ ராயல் அந்தத் தொடக்கக் கதையைச் செய்துவிட்டது. அதையே மறுபடி செய்தால் புதியவரைக் கிரெய்க்கோடு ஒப்பிடுவார்கள்.

ஆகஸ்ட் 23

யார் முடிவெடுப்பது என்பதும் மாறிவிட்டது. பல பத்தாண்டுகளாகப் பிராக்கலி குடும்பத்தின் சொல்தான் கடைசிச் சொல். 2025 பிப்ரவரியில் படைப்புக் கட்டுப்பாடு அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போனது. மார்ச்சில் ஏமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும் தயாரிப்பாளர்கள், ஜூனில் டெனி வில்னவ் இயக்குநர், ஜூலை முடிவில் எழுத ஸ்டீவன் நைட். நடிகருக்கு முன்பே இயக்குநரும் எழுத்தாளரும். இந்த வரிசை எனக்கு நம்பிக்கை தருகிறது. நாயகனைப் பிடித்ததும் எழுத்தாளர் அவர் உடம்பையும் குரலையும் பார்த்துக் காட்சிகளைத் திருத்திக்கொள்ள வேண்டும், அதற்கு நேரம் விட வேண்டும். டால்டனுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 24

"நம்ம ஊர்ல ஏன் இப்படி வேடம் கைமாறலை?" என்று கேட்டவருக்கு: ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்றோம். பட்டம் நடிகருக்குக் கொடுத்தது. ஒரே பெயர் கொண்ட கதாபாத்திரம் படத்துக்குப் படம் தொடரவில்லை. கைமாற்ற ஒரு பாத்திரம் வேண்டும், பட்டத்தைக் கைமாற்ற முடியாது.

ஆகஸ்ட் 26

குழல் காட்சியைப் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு, ஒவ்வொருவரும் சுடும் நிலை: கானரி தொப்பியோடு. லேசன்பியும் தொப்பியோடு, ஆனால் ஒரு முழங்காலை ஊன்றிச் சுடுவார், வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. மூர் தொப்பி இல்லாமல், இரண்டு கையாலும் பிடித்து. மூருக்கு இரண்டு பிரதி உண்டு. 1973-லும் 1974-லும் சாதாரண சூட். 1977-ல் மறுபடி அகலத்திரை வந்ததால் திரும்ப எடுத்தார்கள், அதில் டக்ஸீடோ, கால்சட்டையின் கீழ்ப்பக்கம் அகலமாக விரிந்திருக்கும்.